காவிரிக்கரை நாகஸ்வரம்: பாணிகளும் காலப்பிரமாணமும்

தஞ்சை மண்டலத்து நாகஸ்வர பாணிகளைப் பற்றிப் பேசுவோர் விரலடி, பிருகா, அசுர சாதகம் என்றே தொடங்குவார்கள். பாணிக்குப் பாணி உள்ள வேற்றுமை முதலில் புலப்படுவது காலப்பிரமாணத்தில்தான் என்பது என் கட்சி.

இதற்கு வேர் கோயில் வீதி. சுவாமி புறப்படும்போது வாசிப்பது மல்லாரி. கம்பீர நாட்டையில், சாகித்தியம் இல்லாமல், தவிலோடு காலம் மாற்றி மாற்றி வாசிக்கும் உருப்படி அது. சுவாமி தூக்குவோரின் நடையோடு ஒட்டிப் போக வேண்டும். வீதிக்கு வந்தபின் ராக ஆலாபனை. அங்கே தாளக்கட்டே கிடையாது. கட்டுப்பட்ட காலம், கட்டற்ற காலம் இரண்டும் ஒரே இரவில் ஒரே வித்வானுக்குக் கைவர வேண்டியிருந்தது. எதில் மனம் அதிகம் தோய்ந்ததோ அதுவே அந்தந்தக் குடும்பத்தின் முத்திரையாயிற்று.

செம்பனார்கோயில் ராமசாமிப் பிள்ளை வழியினருக்கு அது லயம். அவர்கள் வளர்த்த ரக்தி மேளத்தில் சொல்லே இல்லை. காலக்கணக்கைத் தவிலும் நாயனமும் சேர்ந்து விரிப்பதே பொருள். வேகம் கூடும்போதும் கணக்கின் எடை குறையாமல் இருப்பதுதான் அங்கே தேர்ச்சி.

திருப்பாம்புரமும் திருவீழிமிழலையும் கிருதிக்குப் பேர் போனவை. திருப்பாம்புரம் நடராஜசுந்தரம் பிள்ளை, சாத்தனூர் பஞ்சநதய்யரிடம் தீட்சிதர் கிருதிகளைப் பாடம் செய்தவர். 1936-இல் அவற்றை நூலாகவும் வெளியிட்டார். தீட்சிதர் கிருதி பெரும்பாலும் விளம்பத்தில் நடக்கும். முடிவில் மத்திமகால சாகித்தியம் இரட்டிப்பாக வரும். பல்லவியைக் கொஞ்சம் விறுவிறுப்பாக எடுத்துவிட்டால் கடைசி அடிகளில் கமகம் கரைந்து வெறும் ஸ்வரம்தான் மிஞ்சும். முதல் அடியிலேயே கடைசி அடியை மனதில் வைத்து எடுப்பதே இந்த வழியின் கட்டுப்பாடு. திருவீழிமிழலைச் சகோதரர்கள் இரு நாயனங்களையும் ஒன்றாக இணைத்து வாசிக்க முடிந்ததும் இந்த ஒழுங்கினால்தான்.

திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கட்டற்ற காலத்தின் சக்கரவர்த்தி. நான்கு கட்டைக்கு மேல் ஒலித்த குட்டையான திமிரியை விட்டு, நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி செய்துகொடுத்த நீண்ட பாரி நாயனத்தைக் கையில் எடுத்தார். சுருதி இறங்கியதும் கார்வைகள் நின்று பேசின. தோடியின் காந்தாரம் அசைந்து அடங்க நேரம் வேண்டும். அந்த நேரத்தை அவர் தாராளமாகக் கொடுத்தார், மறுகணமே மின்னல் பிருகாவும் விட்டார். ஆனால் 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் இடம். வீதியில் மணிக்கணக்காக விரிந்த ராகத்தைத் தட்டில் மட்டும் கேட்டு, அவர் வாசிப்பே வேகமானது என்று தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

பாணி என்பது நகல் எடுப்பதும் அல்ல. ராஜரத்தினத்தின் சீடர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) அதே ராக வழியைச் செறிவாகச் சுருக்கி, சினிமா ரசிகர் வரை கொண்டுசேர்த்தார். ஆந்திரத்திலிருந்து வந்த ஷேக் சின்ன மௌலானா, நாச்சியார்கோயில் ராஜம்–துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்று தஞ்சாவூர் பாணியைத் தம்முடையதாக்கிக்கொண்டார்.

வேகமா நிதானமா என்ற வழக்கு மேலை இசையிலும் உண்டு. ராஃமனினோவ் தம் இரண்டாம் பியானோ கான்செர்ட்டோவைத் தாமே வாசித்து 1929-இல் பதிவு செய்தார், நடை விறுவிறுப்பானது. 1959-இல் பியானோ கலைஞர் ரிக்டர் அதன் தொடக்கத்தை மிக நிதானமாக எடுத்தார். இன்றும் இரண்டுக்கும் ரசிகர்கள் உண்டு. இயற்றியவரின் கையே சாட்சியாக இருந்தும் அங்கே வழக்கு முடியவில்லை. தீட்சிதரின் குரலைக் கேட்டவர் இன்று யாருமில்லை; நமக்குப் பாடாந்தரம்தான் சாட்சி.

ஆகவே வேகமா நிதானமா என்று கேட்பதை விட்டு, மூன்று கேள்விகளை வைத்துக்கொள்ளலாம். எடுத்த காலம் கடைசிவரை நின்றதா? அந்தக் காலத்தில் கமகம் முழுதாக விழுந்ததா? தவிலும் நாயனமும் ஒரே நடையை உணர்ந்தனவா? மூன்றுக்கும் ஆம் என்றால் எந்தக் காலமும் சரியான காலமே. கல்யாண மண்டபத்தில் முகூர்த்த அவசரத்துக்குக் கிருதியைப் பாதியில் விரட்டும் வழக்கம் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடும். இளம் வித்வான்கள் பலருக்கு இன்று வருமானம் அந்த மண்டபத்தில்தான். திருவிழாக் கமிட்டிகள் வீதிப் புறப்பாட்டில் ஒரு ராகத்துக்காவது முழு நேரம் ஒதுக்கினால், விளம்பம் வாசிக்க அவர்களுக்கு ஓர் இடமாவது மிஞ்சும்.