தெருவில் வளரும் சிலேடை

சிலேடை என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது 15ஆம் நூற்றாண்டுக் காளமேகப் புலவர்தான். பாம்பையும் எலுமிச்சம்பழத்தையும் ஒரே வெண்பாவில் கட்டிப்போட்டவர். அவரோடு அந்தக் கலை போய்விட்டது, மிச்சம் இருப்பது சினிமாவின் இரட்டை அர்த்த வசனம்தான் என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். இன்று நம்ம பிள்ளைங்க காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் ‘ராப்’ பாட்டில் சிலேடை இருக்கிறது என்றால் பெரியவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு மேலே படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தண்டியலங்காரம் சிலேடையை இரண்டாக வகுக்கிறது. சொல் பிரியாமல் நின்றபடியே பல பொருள் தருவது செம்மொழிச் சிலேடை. பிரித்துப் படித்தால் வேறு பொருள் தருவது பிரிமொழிச் சிலேடை. எதுவானாலும் இரண்டு பொருளும் தன் காலில் நிற்கவேண்டும். இரட்டை அர்த்த வசனத்தில் ஒரு பொருள் வெறும் திரை. திரையை விலக்கியதும் அதன் வேலை தீர்ந்தது. வியாபாரி பாஷையில் சொன்னால், தராசின் இரண்டு தட்டிலும் சரக்கு இருந்தால்தான் சிலேடை.

ஹிப்ஹாப் 1973 வாக்கில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், கறுப்பின மக்களிடையே பிறந்தது. தாளத்தின் மேல் பேச்சை அடுக்குவதே ராப். தமிழில் மலேசியாவின் யோகி பி - நட்சத்திரா குழுவின் ‘வல்லவன்’ 2006இல் வந்தது. அடிக்கு அடி ஓசை இணைவது இந்தப் பாட்டுக்கு உயிர். இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது எதுகை என்று அமிதசாகரர் யாப்பருங்கலக்காரிகையில் வகுத்ததையும், முதலெழுத்து மட்டும் மாறி மற்றவை ஒத்துவரும் திரிபையும் அறிந்தவர்க்கு இது புதுச் சரக்கு இல்லை.

இனி ஒரு நல்ல உதாரணம். அறிவும் ஒஃப்ரோவும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட தொகுப்பின் பெயர் ‘தெருக்குரல்’. திருக்குறளோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். மூன்றே எழுத்து மாறுகிறது: தி தெ ஆகிறது, ற ர ஆகிறது, ள் ல் ஆகிறது. திரு என்றால் செல்வம், மேன்மை. தெரு என்பதோ நம் ஊர்களில் யார் எங்கே நடக்கலாம் என்று கோடு போட்ட இடம். குறள் குறுகிய அடி. குரல் வாய்விட்டுச் சொல்வது. பிறப்பால் எல்லா உயிரும் ஒன்று என்ற நூலின் பெயரை, அந்த ஒப்புமை கிடைக்காத தெருவின் பக்கமாக நின்று சொல்லிப் பார்க்கிறார்கள். இங்கே இரண்டு தட்டிலும் சரக்கு இருக்கிறது.

2021இல் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டின் பெயரும் அப்படியே. ‘சாமி’ என்று பண்ணையாள் நிலக்காரரைக் கைகட்டிக் கூப்பிட்டான். அதே ‘சாமி’யைப் பாட்டி பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டும் சொல்வாள். ஒரே சொல் பயத்தில் மேலே போகிறது, பாசத்தில் கீழே இறங்குகிறது. இந்தப் பாட்டு அதைப் பாட்டியின் பக்கம் திருப்பிக்கொண்டது என்பது என் கருத்து.

எல்லாம் இந்தத் தரம் என்று சொல்லமாட்டேன். ‘ஹிப்ஹாப் தமிழன்’ (2012) தொகுப்பின் ‘கிளப்புல மப்புல’ பாட்டைப் பாருங்கள். மப்பு என்றால் மேகமூட்டம். மப்பும் மந்தாரமுமாக இருக்கிறது என்போம். போதை என்றும் பொருள். எத்தனை அழகான சொல்! பாட்டோ போதையோடு நின்று, பெண்களுக்குப் புத்தி சொல்வதில் இறங்கிவிடுகிறது. கையில் கிடைத்த சிலேடையைக் கீழே போட்டுவிட்டார்கள் என்பதே என் குறை.

நம்ம பூனாவுக்கு வருவோம். ஸ்டேஷன் பக்கம் தாடிவாலா ரோடு. தமிழ்க் காதுக்குத் தாடிக்காரர் ரோடு. மராட்டியில் தாடி என்றால் கள். அங்கிருந்து வந்தவர்தான் 2023இல் பிக் பாஸ் 16 ஜெயித்த எம்.சி. ஸ்டேன். அவரது 2020 தொகுப்பின் பெயர் ‘தடீபார்’. போலீஸ் ஒருவரை எல்லைக்கு வெளியே அனுப்பும் உத்தரவுக்கு இங்கே அதுதான் பெயர். தாடிவாலா ரோட்டுப் பையன் தடீபார்! நெடில் குறில் மாறினால் ஊர்க்காரன் ஊர்விலக்கானவன் ஆகிறான். தெருக்குரலுக்கு இது தம்பி முறை.

குழுவுக்குள் மட்டும் புரியும் பேச்சைப் பவணந்தியார் நன்னூலில் குழூஉக்குறி என்றார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்றதும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்றதும் உரையில் வரும் உதாரணங்கள். குடித்தவனைப் பேசவைப்பது சொல்விளம்பி. எந்த ராப் பாடகனும் பொறாமைப்படும் சொல்! வேடரும் கொல்லரும் பேசியதற்கு இலக்கணத்தில் இடம் கொடுத்த மரபு நம்முடையது. தாராவிப் பையன்கள் பேசுவதற்கு மட்டும் ஏன் இடமில்லை? அங்கிருந்து வந்த டோப்படெலிக்ஸ் குழுவினர் 2018இல் ‘காலா’ படத்தின் ‘செம வெயிட்டு’ பாட்டுக்கே பங்களித்தார்கள்.

கடைசியாக நம் வீட்டு விஷயம். ‘மண்டைக்குப் போய்க் காய் வாங்கி வா’ என்றால் பூனாத் தமிழ்ப் பிள்ளைக்குச் சிரிப்பு வரும். மண்டை அதற்குத் தலையும்தான், மகாத்மா ஃபுலே மண்டையும்தான். காய் காய்கறியும்தான், மராட்டியின் ‘என்ன’வும்தான். ஊரில் இருப்பவருக்கு இந்த ரசம் கிடையாது. ஆனால் தமிழ் எழுத்து தெரியாத பிள்ளை ‘தெருக்குரல்’ என்பதை ஆங்கில எழுத்தில் படித்தால் என்ன மிஞ்சும்? ரகரமும் றகரமும் ஒன்றாகும், லகரமும் ளகரமும் ஒன்றாகும். பாட்டு கேட்கும், தாளத்துக்குத் தலை ஆடும், சிலேடை மட்டும் போய்விடும். ஒரு தட்டு காலி.

ஆகவே பெற்றோர்களே, அந்தப் பாட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ‘இந்த ற எதுக்குப்பா ர ஆச்சு?’ என்று கேளுங்கள். எழுத்து கற்றுக்கொள்ள அதைவிட நல்ல காரணம் வேண்டாம்.