தேடலை எப்போது இறுக்குவது?

அருப்புக்கோட்டை அருகே கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வந்த துவரை ரகம் ஒன்றின் பெயர் ஏபிகே 1. ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துகளைச் சுருக்கி வைத்த பெயர் அது. ஆண்ட்ராய்டு செயலிக் கோப்புக்கும் ஏபிகே என்றுதான் பெயர் என்பதால், அதைக் கூகுளில் தட்டினால் செயலிகளைப் பதிவிறக்கச் சொல்லும் பக்கங்களே வரிசைகட்டி நிற்கின்றன. மானாவாரிக்கு விதை தேடும் சம்சாரி, முன்பின் தெரியாத தொடுப்பின் முன்னால் போய் நிற்கிறார். இப்படிப்பட்ட கோப்புகளை அனுப்பி வங்கிக் கணக்கைத் துடைக்கும் மோசடிகள் பெருகிவிட்ட காலத்தில், இது எரிச்சலோடு முடிகிற சங்கதி அல்ல.

இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவது கட்டளைக் குறிகள். சொற்றொடரை இரட்டை மேற்கோளுக்குள் இட்டால் அது அப்படியே உள்ள பக்கங்கள் மட்டும் வரும். ஒரு சொல்லுக்கு முன் இடைவெளியின்றிக் கழித்தல் குறி இட்டால் அந்தச் சொல் உள்ள பக்கங்கள் விலகும். ஆங்கிலத்தில் ‘சைட்’ என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, தளத்தின் முகவரியைச் சேர்த்தால் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும். ‘ஃபைல்டைப்’ என்பதோடு முக்காற்புள்ளியிட்டுப் பிடிஎஃப் என்று சேர்த்தால் அறிக்கைகளும் அரசாணைகளும் தனியே பிரியும்.

இவற்றின் பலன் உண்மையானது. ஏபிகே 1 என்பதோடு துவரை என்றும் சேர்த்து, வேளாண்மைப் பல்கலைக்கழகத் தளத்துக்குள் மட்டும் தேடச் சொன்னால் செயலிக் கூட்டம் ஒழிந்துவிடும். பட்டா, சிட்டா தேடுவோருக்கு இது இன்னும் அவசியம். அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் காட்டும் தனியார் பக்கங்கள் பல உண்டு, ‘டிஎன்.ஜிஓவி.இன்’ என்று முடியும் முகவரிகளுக்குள் தேடலை அடைத்துவிட்டால் அவை எட்டிப் பார்க்க முடியாது. காசு செலவில்லாமல், தனிப் படிப்பு இல்லாமல், கையிலுள்ள போனிலேயே கிடைக்கும் பாதுகாப்பு இது.

ஆனால் இறுக்குவதில் இழப்பும் உண்டு. இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் 1960களில் நடத்திய தகவல் தேடல் சோதனைகளே இதைக் காட்டின: வேண்டாதவை குறையக் குறைய, வேண்டியவற்றிலும் சில நழுவிப்போகின்றன. தமிழில் இந்த இழப்பு கூடுதல். ஏபிகே தேடலில் ‘செயலி’ என்ற சொல்லைக் கழித்துப் பாருங்கள். ‘செயலியை’, ‘செயலியில்’ என்று உருபேற்ற சொற்களைக் கொண்ட வேண்டாத பக்கங்கள் தப்பி நிற்கக்கூடும். விவசாயிகளுக்கான அரசின் உழவன் செயலியைப் பற்றி ஒரு வரி எழுதிய நல்ல வேளாண் பக்கம் காணாமல் போகக்கூடும். மேற்கோளிலும் இதே கதைதான். ‘துவரை’ என்று பூட்டிவிட்டால், துவரைக்கு, துவரையில், துவரஞ்செடி என்று மட்டும் எழுதியிருப்பவர் நம் கண்ணில் படமாட்டார்.

ஊர்ப் பெயர்களும் இப்படித்தான். இன்று திருச்சுழி என்கிறோம். சுந்தரர் தேவாரம் பெற்ற தலமாகத் தேடினால் திருச்சுழியல் என்ற பெயரும் வேண்டும். 1879இல் ரமணர் பிறந்த ஊர் என்பதால் ஆங்கிலத்தில் பக்கங்கள் ஏராளம், எழுத்துக்கூட்டலோ ஆளுக்கொன்று. இந்த வட்டாரம் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. பிறகு காமராசர் மாவட்டம். 1997 முதல் விருதுநகர் மாவட்டம். ஒரு கண்மாயின் பழைய மராமத்து விவரத்தை ‘விருதுநகர் மாவட்டம்’ என்று மேற்கோளிட்டுத் தேடுபவருக்கு 1970களின் ஆவணம் எப்படிக் கிடைக்கும்? நாம் கண்மாய் என்பதை ஏடுகள் ஏரி என்றோ குளம் என்றோ எழுதியிருக்கலாம். ஆங்கில அறிக்கையில் அது வெறும் ‘டேங்க்’. அந்தப் பெயர்களையும் போட்டுப் பார்த்தால்தான் கிடைக்கும்.

தேடுபவரின் திறமைக்கு எட்டாத குறைகளும் இருக்கின்றன. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடு எழுத்துக் குறியாக்கத்தை ஏற்று ஆணையிட்டது. அதற்குப் பின்னும் வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட பிடிஎஃப் கோப்புகள் அரசுத் தளங்களில் ஏறிக்கொண்டே இருந்தன. திறந்தால் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். தேடுபொறிக்கு அது அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக் குவியல். வருடிப் படமாக ஏற்றிய கோப்புகளில் பலவற்றின் கதியும் இதுவே. எந்தக் குறியைப் போட்டாலும் தமிழ்ச் சொல்லுக்கு இவை அகப்படா. நில ஆவணம் போல, படிவம் நிரப்பினால் மட்டுமே வெளிவரும் தகவலும் தேடுபொறிக்கு வெளியேதான் கிடக்கிறது.

குறிகளுக்கே நிரந்தரமும் இல்லை. சொல்லைக் கட்டாயமாக்கும் கூட்டல் குறியை 2011இலும், ஒத்த சொற்களைத் தேடும் அலைக்குறியை 2013இலும், பக்கத்தின் சேமித்த நகலைத் திறக்கும் வசதியை 2024இலும் கூகுள் நீக்கியது. ஒரு நிறுவனத்தின் விருப்பத்தில் நிற்கும் கருவியை முழு ஆதாரமாகக் கொள்ள முடியாது.

ஆகவே கட்டளைக் குறிகள் நல்லவை. அவற்றுக்குரிய இடம் தேடலின் இரண்டாம் கட்டம். முதல் கட்டத்தில் தேடும் பொருளுக்கு வட்டாரம், அரசு ஏடு, ஆங்கிலம் ஆகியவற்றில் என்னென்ன பெயர்கள் வழங்குகின்றன என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றையும் தளர்வாகத் தேடி, எந்தத் தளம் நம்பத்தக்கது என்று கண்டுகொண்ட பிறகே மேற்கோளும் கழித்தலும். இதைப் பள்ளிக் கணினி வகுப்பில் தமிழ் எடுத்துக்காட்டுகளோடு கற்றுத் தர வேண்டும். அலுவலகங்கள் இனி ஏற்றும் ஒவ்வொரு கோப்பையும் யூனிகோடில் ஏற்ற வேண்டும்; பழையவற்றையும் மாற்ற வேண்டும். ஆணை பிறந்து பதினைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. கரிசல்காட்டுச் சம்சாரிக்குத் தன் மண்ணில் பிறந்த விதையைப் பற்றிய தகவல் தன் மொழியில் கிடைப்பது சலுகையல்ல, உரிமை.