இங்கிலாந்து ஒயினுக்கு எது உரைகல்?

இன்டர்நேஷனல் ஒயின் சேலஞ்ச் போட்டியில் 2025-ஆம் ஆண்டின் தலைசிறந்த நுரை ஒயின் என்ற விருதை இங்கிலாந்தின் நைடிம்பர் ஒயின் நிறுவனம் வென்றது. அதுவரை அந்த விருது பிரான்ஸின் ஷாம்பெயினைத் தாண்டியதே இல்லை. இங்கிலாந்தில் நல்ல ஒயின் விளையுமா என்று இனி யாரும் கேட்கப் போவதில்லை. அந்தத் தரம் ஆண்டுதோறும் நிலைக்குமா, விளைவிப்பவர் அதை நம்பிப் பிழைக்க முடியுமா என்பவையே இன்று எடைபோட வேண்டியவை.

வளர்ச்சி உண்மையானது. ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி கை சாலிஸ்பரி-ஜோன்ஸ் 1950-களின் தொடக்கத்தில் ஹாம்ப்ஷயரின் ஹாம்பிள்டனில் கொடி நட்டபோது, அது ஒரு தனிமனிதரின் ஆர்வமாகவே பார்க்கப்பட்டது. அடுத்த சில பத்தாண்டுகள் குளிரைத் தாங்கிச் சீக்கிரம் பழுக்கும் முல்லர்-துர்காவ், ரைக்கன்ஸ்டைனர் போன்ற ரகங்களோடு கழிந்தன. ஒயின் குடிக்கும்படி இருந்தது, பேசும்படி இல்லை. 1988-இல் சிகாகோவிலிருந்து வந்த ஸ்டூவர்ட், சாண்டி மாஸ் தம்பதி மேற்கு சஸெக்ஸின் நைடிம்பரில் ஷாம்பெயினின் மூன்று ரகங்களான ஷார்டனே, பினோ நுவா, பினோ முனியே ஆகியவற்றைத் துணிந்து நட்டார்கள். பாதை அங்கேதான் திரும்பியது. 2010-இல் ரிட்ஜ்வியூ என்ற இங்கிலாந்து நிறுவனம், டிகான்டர் இதழின் ஒயின் போட்டியில் உலகின் சிறந்த நுரை ஒயினுக்கான விருதைப் பெற்றது. 2015-இல் ஷாம்பெயினின் பெரிய நிறுவனமான தேத்தாஞ்சே, கென்ட்டில் நிலம் வாங்கியது. போட்டியாளரே வந்து நிலம் வாங்குவதைவிடப் பெரிய நற்சான்று வேறென்ன வேண்டும்?

இந்தத் தரத்தின் வேர் மண்ணில் இருக்கிறது. சௌத் டவுன்ஸ் குன்றுகளின் சுண்ணப்பாறை, ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் போய் ஷாம்பெயினில் மீண்டும் தலைகாட்டும் பாறையின் தொடர்ச்சி. மழைநீரை வேரில் தேங்கவிடாமல் வடித்துவிட்டு, வறண்ட நாளுக்கான ஈரத்தைத் தன் நுண்துளைகளில் சேமித்துவைக்கும். குளிர்ந்த, நீண்ட கோடையில் பழம் மெதுவாகக் கனிகிறது. இனிப்பு ஏறினாலும் புளிப்பு அவ்வளவாக இறங்குவதில்லை. அந்தப் புளிப்புதான் நுரை ஒயினின் முதுகெலும்பு. பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து, ஈஸ்ட் வண்டலோடு மூன்று நான்கு ஆண்டுகள் கிடக்கும்போது அதன் கூர்மை மழுங்கி, சுட்ட ரொட்டியின் மணம் சேர்கிறது. நல்ல இங்கிலாந்து ஒயினில் பச்சை ஆப்பிளின் துடிப்பும் இந்த முதிர்ச்சியும் ஒன்றையொன்று அமுக்காமல் நிற்பதைக் காணலாம்.

ஆனால் குறைகளும் உண்டு. முதலாவது, வானத்தை நம்பிய பிழைப்பு. பூமி சூடாவதால்தான் இங்கே ஷார்டனே பழுக்கிறது. அதே வெப்பம் கொடியை முன்கூட்டியே துளிர்க்க வைத்து, ஏப்ரல் உறைபனியின் வாயில் தள்ளுகிறது. அத்தகைய இரவுகளில் வரிசைகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கான மெழுகு வாளிகளை ஏற்றிவைத்து, விடியும்வரை வெப்பமானியைப் பார்த்தபடி ஆட்கள் நடப்பார்கள். அப்படியும் 2017 ஏப்ரல் இறுதியின் உறைபனி பல தோட்டங்களின் தளிரைக் கருக்கியது. ஜூனில் பூக்கும் நேரத்து மழை காய்ப்பைக் கெடுக்கும். ஈரம் நீடித்தால் அடிச்சாம்பல் நோய் வரும்; மருந்து தெளிக்காமல் தோட்டத்தைக் காப்பது இந்நாட்டில் கடினம். 2023-இல் இரண்டு கோடி பாட்டில்களைத் தாண்டி உச்சம் தொட்ட விளைச்சல், மழை மிகுந்த 2024-இல் ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது.

இரண்டாவது, விலை. ஹெக்டேருக்கான விளைச்சல் பல ஆண்டுகளில் ஷாம்பெயினில் பாதியைக்கூட எட்டுவதில்லை. நிலமும் கூலியும் மலிவில்லை. விற்பனைக்கு வருமுன் ஆண்டுக்கணக்கில் பணம் நிலவறையில் முடங்கிக் கிடக்கிறது. ஆகவே நல்ல பாட்டில்கள் பெரும்பாலும் 30 பவுண்டை ஒட்டியோ தாண்டியோ நிற்கின்றன. நியாயமான கணக்குதான், ஆனாலும் அந்த விலையில் வாங்குபவர்கள் குறைவு. கொடி நட்ட பரப்பு 4,000 ஹெக்டேரைக் கடந்த வேகத்தில் வாங்குபவர் பெருகவில்லை. வாங்குபவரை முந்தி ஓடும் இந்த நடவு எனக்குக் கவலை தருகிறது. நெருக்கடி வந்தால் முதலில் விழுபவர் கையிருப்பில்லாத சிறு விவசாயியே.

மூன்றாவது, ஷாம்பெயினின் நிழல். அதே ரகம், அதே முறை, அதே அளவுகோல் என்றே நெடுநாள் போக முடியாது. எல்டர் பூவின் மணம் கமழும் பாக்கஸ் ரகத்து ஒயின், எஸ்ஸெக்ஸின் வறண்ட க்ரவுச் பள்ளத்தாக்கில் களிமண்ணில் விளையும் நுரையில்லா பினோ நுவா ஆகியவை வேறு வழியைக் காட்டுகின்றன. பினோ நுவா நல்ல கோடை வாய்த்தால்தான் சோபிக்கிறது என்பது உண்மை. ஆனாலும் இங்கிலாந்து தன் சொந்தக் குரலைத் தேடவேண்டிய இடம் இதுவே.

என் மதிப்பீட்டில் நிறையின் தட்டே தாழ்கிறது. ஆனால் அதை அளக்கப் பதக்கங்கள் போதா; மோசமான ஆண்டுதான் உரைகல். குளிரும் மழையும் வாட்டிய 2012-இல், பழம் தன் தரத்துக்கு எட்டவில்லை என்று நைடிம்பர் அவ்வாண்டு ஒயினே செய்யாமல் விட்டது. எல்லோராலும் அப்படி ஓராண்டு வருமானத்தை இழக்க முடியாது. நல்ல ஆண்டின் ஒயினில் ஒரு பங்கைச் சேமித்து, கெட்ட ஆண்டின் குறையை அதனால் நிரப்பும் ஷாம்பெயினின் பழைய வழக்கம் எல்லோருக்கும் பொருந்தும். சிறு தோட்டங்கள் அதைத் தனியாகச் செய்ய முடியாவிட்டால், பக்கத்துத் தோட்டங்களோடு நிலவறையையும் சேமிப்பையும் பகிர்ந்துகொள்ளட்டும். புதுக் கொடி நடுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை அது.