பிடித்த பிறகு விழும் அடி

2025 ஜூன் கடைசி வாரம். சிவகங்கை மாவட்டம் மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயிலுக்குச் சாமி கும்பிட வந்த ஒரு பெண், காரில் வைத்திருந்த நகையைக் காணவில்லை என்று புகார் சொன்னார். கோயிலில் காவலாளியாக வேலை பார்த்த 27 வயது இளைஞரைத் தனிப்படைக் காவலர்கள் விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். முதல் தகவல் அறிக்கைகூட அப்போது பதிவாகவில்லை. கோயிலுக்குப் பின்னால் இருந்த மாட்டுத் தொழுவத்தில் அவரை அடித்தார்கள். கழிவறை ஜன்னல் வழியாக ஒருவர் பயந்து பயந்து கைப்பேசியில் எடுத்த சில நொடிக் காட்சி மட்டும் வெளியே வந்தது. அந்த இளைஞர் வீடு திரும்பவில்லை. உடலில் இருந்த 44 காயங்களைக் கண்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, கொலைகாரன்கூட இப்படித் தாக்கமாட்டான் என்று சொல்லும் அளவுக்குக் கொதித்தது.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2023 மே மாதம், கொழும்பில் ஒரு வீட்டில் நகை காணாமல் போனது. வீட்டு வேலை செய்துவந்த பதுளைப் பக்கத்து மலையகத் தமிழ்ப் பெண் மீது முதலாளி அம்மா முறைப்பாடு கொடுத்தார். வெலிக்கடை பொலிஸார் அவரைக் கைது செய்தார்கள். பொலிஸ் காவலில் இருந்தபோதே அவர் இறந்துபோனார். அடித்தே கொன்றார்கள் என்று உறவினர்கள் குற்றஞ்சாட்டினார்கள்.

இங்கே புகார், அங்கே முறைப்பாடு. இங்கே ரிமாண்ட், அங்கே விளக்கமறியல். சொற்கள்தான் மாறுகின்றன, கதை மாறவில்லை. வசதியுள்ளவரின் நகை தொலைகிறது, கூலிக்கு வேலை செய்பவர் மீது சந்தேகம் விழுகிறது, காவலர் பிடியில் அவர் உயிர் போகிறது. சட்டத்தின் பாதுகாப்பு இரு நாடுகளிலும் எங்கே நிற்கிறது, எங்கே சரிகிறது என்று பார்க்க இந்த இரண்டு சாவுகளைவிட நல்ல இடம் கிடையாது.

கைது செய்யும்போது பலத்தைப் பயன்படுத்தவே கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அரிவாளை ஓங்குகிறவனிடம் காவலர் கைகட்டி நிற்க முடியாது. இந்தியாவின் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவும், இலங்கையின் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவும் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. கைதை எதிர்த்தால், அதை முறியடிக்கத் தேவையான வழியைக் கையாளலாம். ஆனால் பிடிபட்டவரை, தப்பி ஓடாமல் தடுக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்றும் அதே சட்டங்கள் சொல்கின்றன. 2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டமும் இந்த வரம்பை அப்படியே வைத்திருக்கிறது. ஓடுகிறவரைப் பிடிக்கும்வரைதான் பலத்துக்கு அனுமதி. மாட்டுத் தொழுவத்தில் விழுந்த அடி கைதுக்கான பலமே அல்ல. யாரும் அங்கே ஓடவில்லை.

பிறகு ஏன் அடிக்கிறார்கள்? பதில் பழையது. சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் நடந்த சித்திரவதைகளை ஆராய ஓர் ஆணையம் அமைந்தது. அதன் 1855ஆம் ஆண்டு அறிக்கை ‘கிட்டி’, ‘அண்ணாந்தாள்’ என்று தமிழ்ப் பெயர்களையே பதிவு செய்திருக்கிறது. விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிப்பது கிட்டி. உடலை வளைத்துக் கட்டி மணிக்கணக்கில் அப்படியே நிறுத்துவது அண்ணாந்தாள். போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்கக் கூடாது என்ற விதி இத்தகைய அனுபவங்களிலிருந்துதான் பிறந்தது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தில் அது 25ஆம் பிரிவு. அதை அடியொற்றி 1895இல் இலங்கையில் இயற்றிய சாட்சியக் கட்டளைச் சட்டத்திலும் அதே 25.

அதே இரு சட்டங்களிலும் 27ஆம் பிரிவு என்று ஒரு பக்கக் கதவு இருக்கிறது. கைதானவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அந்தப் பொருளோடு தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும். இந்தியாவின் புதிய சாட்சியச் சட்டமும் இதை விட்டுவிடவில்லை. நகை எங்கே என்ற கேள்வி அடியோடு சேர்ந்து வருவது இதனால்தான். வாயிலிருந்து வரும் சொல் வழக்கில் நிற்காது. சொல்லின் வழியே கிடைக்கும் நகை நிற்கும்.

பாதுகாப்புச் சுவர் எங்கே என்பதில்தான் இரு நாடுகளும் பிரிகின்றன. இலங்கை அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையை நேரடியாகத் தடை செய்கிறது. இந்திய அரசியலமைப்பில் அந்தச் சொல்லே கிடையாது. அதற்கு மாறாக, இந்திய அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு உயிர் வாழும் உரிமையைச் சொல்கிறது. இலங்கை அரசியலமைப்பு அதை எழுத்தில் சொல்லவில்லை, நீதிமன்றம்தான் 2003இல் வேறோர் உறுப்புரையிலிருந்து அதை வாசித்துக் காட்டியது. ஒரு நாட்டில் எழுதப்பட்டிருப்பதை மற்ற நாட்டில் நீதிபதிகள் ஊகித்து எடுக்க வேண்டியிருக்கிறது.

ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையில் இலங்கை 1994இல் இணைந்து, அதே ஆண்டில் 22ஆம் இலக்கச் சட்டத்தையும் இயற்றியது. சித்திரவதை செய்த அதிகாரிக்குக் குறைந்தது 7 ஆண்டு, கூடியது 10 ஆண்டு சிறை. இந்தியா 1997இல் கையெழுத்திட்டதோடு நின்றுவிட்டது. 2010இல் மக்களவை நிறைவேற்றிய மசோதா மாநிலங்களவையைத் தாண்டவில்லை. 2017இல் சட்ட ஆணையம் தனிச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தும் இன்றுவரை வரவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்புவது தீர்ப்புகள்தான். காவலில் நடக்கும் சாவுகளைப் பற்றி 1986இல் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதப்பட்ட ஒரு கடிதம், 1996இல் டி.கே.பாசு தீர்ப்பாக விளைந்தது. காவலர் பெயர்ப்பட்டை அணிய வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்திட வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும் என்று அது வகுத்தது. 2020இல் வந்த இன்னொரு தீர்ப்பு, எல்லாக் காவல் நிலையங்களிலும் சிசிடிவி வைக்கச் சொன்னது.

சட்டம் இருக்கும் இலங்கையில் தண்டனை அரிது. பெரும்பாலும் உயர் நீதிமன்றத்தில் (அங்கே நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு இதுதான் பெயர்) அடிப்படை உரிமை மனு, சில ஆண்டுகள் காத்திருப்பு, நட்டஈட்டு உத்தரவு என்பதோடு விவகாரம் முடிகிறது. 2023 டிசம்பரில் ஒரு சித்திரவதை வழக்கில் தேசபந்து தென்னக்கோன் உள்ளிட்ட அதிகாரிகள் உரிமையை மீறியதாக அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த பெப்ரவரியில் அவர் பொலிஸ் மா அதிபராகவே நியமிக்கப்பட்டார். 2025 ஓகஸ்டில் பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது உண்மைதான். ஆனால் சித்திரவதைத் தீர்ப்பு கையில் இருக்கும்போதே நாற்காலி கிடைத்தது என்பதை அடிமட்டப் பொலிஸ்காரர் கவனிக்காமல் இருந்திருப்பாரா?

தீர்ப்பு இருக்கும் இந்தியாவில், தீர்ப்பு காவல் நிலைய வாசலிலேயே நின்றுவிடுகிறது. 2020 ஜூனில் ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லிச் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் அழைத்துச் செல்லப்பட்டார்கள். அடுத்தடுத்து இருவரும் இறந்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், பதிவுக் கருவியில் இடமிருந்தும் அன்றாடக் காட்சி அன்றன்றே அழியும்படி அது அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். உண்மையைச் சொன்னவர் அதே நிலையத்தில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். இலங்கையில் 2023 நவம்பரில் வட்டுக்கோட்டையில் கைதான இளைஞர், இறப்பதற்கு முன் தனக்கு நடந்ததைத் தன் வாயாலேயே சொன்ன காணொளி ஊரெல்லாம் பரவியது. எழுதிவைத்த ஏற்பாடு எதுவும் உண்மையை வெளியே கொண்டுவரவில்லை. துணிந்த ஒரு மனிதரும் ஒரு கைப்பேசியுமே கொண்டுவந்தார்கள்.

இதைவிட வேதனை தருவது நம் பேச்சு. தமிழ்நாட்டில் கைதானவர் கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படம் செய்தித்தாளில் வருகிறது. கழிவறையில் வழுக்கி விழுந்தார் என்று கீழே ஒரு வரி இருக்கும். காவல் நிலையக் கழிவறை கைதிகளுக்கு மட்டும்தான் வழுக்குமா என்று உயர் நீதிமன்றமே 2025இல் கேட்டுவிட்டது. டீக்கடையில் அந்தப் படத்தைப் பார்க்கிறவர்களோ, “நல்லா குடுத்திருக்காங்க” என்கிறார்கள். 2019இல் ஹைதராபாத் அருகே பாலியல் வன்கொடுமை, கொலை வழக்கில் பிடிபட்ட நால்வரைச் சுட்டுக் கொன்ற போலீசார் மீது மக்கள் பூத்தூவினார்கள். சாகடிக்கும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம் பின்னர் சொன்னது. இலங்கையில் 2020இல் பாதாள உலகத் தலைவர் மாகந்துரே மதூஷ் பொலிஸ் காவலில் இருந்தபோதே கொல்லப்பட்டார். 2021இல் அதே உலகைச் சேர்ந்தவராகச் சொல்லப்பட்ட கொஸ்கொட தாரக்கவின் உயிருக்கு ஆபத்து என்று சட்டத்தரணிகள் சங்கம் முன்கூட்டியே எச்சரித்தும் அவரும் கொல்லப்பட்டார். மறைத்து வைத்த ஆயுதத்தை, போதைப்பொருளைக் காட்டக் கூட்டிப்போனோம் என்பதுதான் இரு நாட்டிலும் அடிக்கடி கேட்கும் விளக்கம். அதே 27ஆம் பிரிவின் பாதைதான் இது.

பாதாள உலகக்காரனுக்கும் ரவுடிக்கும் நாம் கொடுத்த கைதட்டல் அவர்களோடு நிற்பதில்லை. அந்தக் கைதட்டலில் பழகிய கைதான் கோயில் காவலாளி மீதும் வீட்டு வேலைக்காரப் பெண் மீதும் ஓங்குகிறது. இவர் ரவுடி, இவர் ஏழை என்று லத்தி பிரித்துப் பார்க்காது.

இரு நாடுகளும் ஒன்றிடமிருந்து மற்றொன்று எடுத்துக்கொள்ள வேண்டியது இருக்கிறது. இலங்கையின் சித்திரவதைச் சட்டம் போன்ற ஒன்று இந்தியாவுக்கு வேண்டும். கைதுக் குறிப்பு, சாட்சிக் கையெழுத்து, சிசிடிவி என்ற இந்தியத் தீர்ப்புகளின் நுணுக்கம் இலங்கைக்கும் உதவும். காவலில் நடந்த சாவை அந்தந்த நிலையத்தோடு ஒட்டோ உறவோ இல்லாத தனி அமைப்பு விசாரிப்பது இரண்டுக்குமே அவசியம். அடிக்காமல் துப்புத் துலக்கத் தேவையான பயிற்சியும் ஆளும் நேரமும் காவலருக்குக் கொடுக்க வேண்டியது அரசின் கடமை.

நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. பக்கத்து வீட்டில் திருட்டுப் போய், யாரையோ பிடித்துக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டால், “நகை கிடைச்சுதா?” என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். கூட்டிக்கொண்டு போன ஆள் வீடு திரும்பினாரா என்று முதலில் கேட்கும் ஊரில், காவலர் ஓங்கிய கை ஒரு கணமாவது தயங்கும். மடப்புரத்திலும் வெலிக்கடையிலும் அந்த ஒரு கணம் கிடைத்திருந்தால் போதுமாக இருந்திருக்கும்.