விடுதலைக்குப் பின்னர்: 'லாக்கப்', 'விசாரணை' குறித்துச் சில கருத்துகள்

1983 இல் ஆந்திரத்தின் குண்டூரில், தாம் செய்யாத களவை ஒப்புக்கொள்ளுமாறு பொலிஸாரால் வதைக்கப்பட்ட தமிழ்த் தொழிலாளருள் மு. சந்திரகுமாரும் ஒருவர். அவ்வனுபவத்தின் பேறாகிய அவரது 'லாக்கப்' நாவல் 2006 இல் வெளிவந்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு வெற்றிமாறன் நெறிப்படுத்திய 'விசாரணை' 2015 இல் திரைப்படமாயிற்று.

இவற்றைத் தெரணியகலைத் தோட்டப்புறத்திலிருந்து நோக்குமிடத்து, முதலில் உறுத்துவது மொழியே. தெலுங்கறியாத கூலியாளன் அங்கே தன் குற்றமின்மையைக் கூற வாயற்றவனாகின்றான். சிங்களக் கிராமங்களின் நடுவே வாழும் சப்பிரகமுவத் தோட்டத் தமிழருக்கு இந்நிலை புதிதன்று. தமிழையும் அரசகரும மொழியாக்கிய பதின்மூன்றாவது திருத்தம் 1987 இல் நிறைவேறியபோதும், வாசித்தறிய இயலாத வாக்குமூலத்திற் கையொப்பமிடும் அச்சம் லயங்களை விட்டு அகலவில்லை. பொலிஸாரிடம் அளிக்கும் ஒப்புதலைச் சாட்சியக் கட்டளைச் சட்டம் விலக்கியிருக்க, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்திற்குக் குறையாதாரிடம் அளிப்பதை 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் ஏற்புடையதாக்கிற்று என்பதும் மனங்கொளத்தக்கது.

ஆயின் திரைப்படத்தின் மீது எமக்கொரு குறையுண்டு. வதையை அது நேர்மையாகக் காட்டுகின்றது. விடுதலையின் பின்னுள்ள வாழ்வையோ காட்டவில்லை. விடுவிக்கப்பட்டோருள் மூவர் வேறொரு சதியில் அகப்பட்டு மாள்கின்றனர். நாவலாசிரியரின் பெயரைத் தாங்கிய குமார் என்பவனோ இடைவழியில் இறங்கிக் கதையை விட்டே நீங்கிவிடுகின்றான். மரணம் பார்வையாளரை அதிரச் செய்கின்றது. எனினும், தப்பியவன் எவ்வாறு வாழ்ந்தான் என்ற கடினமான வினாவிலிருந்து அதுவே எம்மை விடுவித்தும் விடுகின்றது.

அவ்வினாவுக்கு உளமருத்துவம் ஓரளவு விடை தருகின்றது. தவறாகத் தண்டிக்கப்பட்டு விடுதலையான 18 பேரை ஆராய்ந்து, கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் கிரவுண்ட்ஸ் 2004 இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அவர்களுட் பெரும்பாலோரிடம் நிலையான ஆளுமை மாற்றத்தையும் அதிர்ச்சிக்குப் பிந்திய மனவடு நோயையும் அவர் கண்டார். குடும்பத்தாரே அவர்களை அந்நியராக உணர்ந்தனர். குண்டூர்த் தொழிலாளரின் நிலை முற்றிலும் இதுவன்று. எனினும் நிரபராதி அடையும் காயம் இரண்டிற்கும் பொதுவானது.

1983 இற்கும் 2006 இற்கும் இடைப்பட்ட இருபத்துமூன்று ஆண்டுகளை நாம் இவ்வொளியிலேயே வாசித்தல் வேண்டும். குற்றமற்றவனை விடுவிப்பதோடு நீதி தன் கடன் முடிந்ததெனக் கருதலாம். முற்போக்கு இலக்கியம் அவ்வாறு கருதலாகாது. இடைவழியில் இறங்கிய குமாரைப் பின்தொடர்ந்து அவன் வீட்டு வாசல்வரை செல்லும் படைப்பையே நாம் எதிர்பார்த்திருக்கின்றோம்.