குருபரம்பரையும் பட்டப்பரம்பரையும்

ஓர் அறிஞரின் பெயரைக் கேட்டவுடன் அவர் யாரிடம் கற்றவர் என வினவுவது கல்வியுலகின் பழைய வழக்கம். இறையனார் களவியலுக்கு நக்கீரர் கண்ட உரை ஆசிரியர் மாணாக்கர் வழியே பத்துத் தலைமுறை செவிவழி வந்து முசிறியாசிரியர் நீலகண்டனாரை அடைந்தது என அவ்வுரையே கூறும். அவ்வரிசையில் வரும் பெயர்கள் பத்து. கைமாறிய பொருளோ ஒன்று. யார் உரைத்தார், யார் கேட்டார், எதனை உரைத்தார் என்னும் மூன்றும் அங்கே தெளிவாக உள்ளன. குருபரம்பரை என்னும் சொல்லுக்கு உயிர் தருவது அம்மூன்றாவது கூறேயாம்.

மேலைநாட்டுக் கணிதவியலாரும் கணினி விஞ்ஞானிகளும் தமக்கென இத்தகைய வரிசை ஒன்றைத் தொகுத்து வருகின்றனர். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பேராசிரியராயிருந்த ஹரி கூன்ஸ் என்பார் தம் ஆசிரியரின் ஆசிரியர் யாவர் என அறிய அவாவி 1990களில் தொடங்கிய முயற்சி, இன்று இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்களைக் கொண்ட பெரும் பதிவேடாக வளர்ந்துள்ளது. கணிதர் என்னும் சொல்லை விரிந்த பொருளிற் கொண்டு கணினி விஞ்ஞானிகளையும் அது தன்னுள் அடக்கும். ஒருவர் கலாநிதிப் பட்டம் பெற்ற ஆண்டு, பட்டமளித்த பல்கலைக்கழகம், ஆய்வேட்டின் தலைப்பு, அதற்கு வழிகாட்டிய ஆசிரியர் ஆகியன அதிற் காணப்படும். சிதறிக்கிடந்த செய்திகளை ஓரிடத்தே சேர்த்த இவ்வுழைப்பு பாராட்டற்பாலது. ஆயின் இப்பதிவேட்டை வைத்துக்கொண்டு, கணினி விஞ்ஞானி ஒருவரின் அறிவு இன்னார் வழியாக முந்நூறு ஆண்டு கடந்து வந்தது என உரைப்பது எவ்வளவு பொருந்தும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

டூரிங்கின் வழி

கணினி விஞ்ஞானத்தின் தந்தை எனப் போற்றப்படும் அலன் டூரிங் (1912–1954) என்பாரின் வழியை எடுத்துக்கொள்வோர், அவரை 1938ஆம் ஆண்டில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திற் கலாநிதியாக்கிய அலொன்சோ சேர்ச்சிடமிருந்து தொடங்குவர். சேர்ச்சுக்கு ஆசிரியர் ஒஸ்வால்ட் வெப்லன், வெப்லனுக்கு இ. எச். மூர், மூருக்கு யேல் பல்கலைக்கழகத்து ஹூபெட் நியூற்றன், நியூற்றனுக்குப் பாரிஸ் நகரத்து மிசேல் சால், சாலுக்குப் புவாசோன், புவாசோனுக்கு லாக்ராஞ்ச், லாக்ராஞ்சுக்கு ஒயிலர், ஒயிலருக்கு யோகான் பேர்னூலி, அவருக்குத் தமையனார் யாக்கோபு பேர்னூலி. யாக்கோபுக்கு மேல் லைப்னிட்ஸை வைத்து முடிப்போரும் உளர். பன்னிரு பெயர்கள், ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள். படிப்போர் உள்ளம் பெருமிதங் கொள்ளும் வரிசை இது. எனினும் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே தொட்டுப் பார்க்கும்போது, சங்கிலி முழுவதும் ஒரே உலோகத்தால் ஆனதன்று என்பது புலனாகும்.

ஒயிலருக்கும் யோகான் பேர்னூலிக்கும் இடையில் இருந்தது மெய்யான ஆசிரிய மாணாக்க உறவு. பாசல் நகரில் இளைஞர் ஒயிலருக்குத் தனிப்பாடஞ் சொல்லப் பேர்னூலிக்கு ஓய்வில்லை. ஆதலின் கற்கவேண்டிய நூல்களைக் காட்டி, விளங்காத இடங்களை வார இறுதி நாளின் பிற்பகலில் வந்து கேட்குமாறு பணித்தார். மாணாக்கனே முயன்று கற்பதும், முட்டுப்பட்ட இடத்தில் மட்டும் ஆசிரியர் கைகொடுப்பதுமாகிய இம்முறையைப் பிற்காலத்தில் ஒயிலரே நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

லாக்ராஞ்சின் செய்தி வேறு. தூரின் நகரத்து இளைஞராகிய அவர் 1755ஆம் ஆண்டில், தம் பத்தொன்பதாம் வயதில், பெர்லினில் இருந்த ஒயிலருக்கு ஒரு கடிதம் எழுதினார். பின்னர் மாறல் நுண்கணிதம் எனப் பெயர்பெற்ற முறையின் வித்து அக்கடிதத்தில் இருந்தது. ஒயிலர் அதன் அருமையை உணர்ந்து பாராட்டினார். 1766இல் ஒயிலர் பெர்லினை விட்டு நீங்கியபின் அவர் இருந்த பதவிக்கே லாக்ராஞ்ச் வந்தார். இருவரிடையும் பட்டமும் இல்லை, வகுப்பும் இல்லை, கடிதத் தொடர்பே உண்டு. அன்றியும் அத்தொடர்பில் முதற்கண் புதுப்பொருள் தந்தவர் மாணாக்கர் எனக் குறிக்கப்படுபவரே.

ஹூபெட் நியூற்றனின் கண்ணி இன்னும் மெல்லியது. இவர் ஐசாக் நியூற்றன் அல்லர். எரிமீன் ஆராய்ச்சியாற் புகழ்பெற்ற அமெரிக்க வானியலறிஞர். 1850ஆம் ஆண்டில் யேலிற் பட்டம் பெற்ற இவருக்குக் கலாநிதிப் பட்டம் இல்லை. அமெரிக்காவில் அப்பட்டம் முதன்முதல் வழங்கப்பட்டதே 1861இலேயாம். 1855இற் பேராசிரியராக நியமிக்கப்பெற்றதும் ஓராண்டு விடுப்பில் ஐரோப்பா சென்று, பாரிஸில் சாலின் கேத்திரகணித விரிவுரைகளைக் கேட்டார். அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து இச்சங்கிலி பிரான்சைப் பற்றிக்கொள்வது அவ்விரிவுரைகளின் வலிமையால் மட்டுமே. யாக்கோபு பேர்னூலியோ, தந்தையார் விருப்பப்படி இறையியல் கற்றவர். லைப்னிட்ஸின் நுண்கணிதத்தை 1684ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரையிலிருந்து தம்பியுடன் சேர்ந்து தாமே முயன்று விளங்கிக்கொண்டார்.

நேரிற் கேட்டல், கடிதம் எழுதுதல், விரிவுரை மண்டபத்தில் இருத்தல், அச்சிட்ட கட்டுரையைப் படித்தல் என்னும் நான்கும் நான்கு வேறு உறவுகள். வரிசையிலோ நான்கும் ஒரே கோட்டால் இணைக்கப்படுகின்றன. இக்கோடு இரத்த உறவைக் காட்டும் குலவழிக் கோட்டைப் போன்றதெனப் படிப்போர் மயங்குதல் இயல்பு. குற்றம் அம்மயக்கத்திலேயே தொடங்குகின்றது.

பொருள் கைமாறிய இடம்

இவ்வரிசை முழுவதும் வெறும் பெயரடுக்கு என்று தள்ளுதலும் தகாது. மூர், வெப்லன், சேர்ச் என்னும் மூவரிடையே ஒரு வினா உண்மையிலேயே கைமாறியது. 1902ஆம் ஆண்டளவில் மூர் சிக்காகோவில் ஹில்பேர்ட்டின் கேத்திரகணித அடிகோள்களை ஆராய்ந்து, அவற்றில் மிகையானவை உண்டெனக் காட்டினார். அவர் மாணாக்கர் வெப்லன் 1903இற் பட்டம்பெற்ற ஆய்வேடு கேத்திரகணிதத்துக்குப் புதிய அடிகோள் தொகுதி ஒன்றை வகுத்தது. வெப்லனின் மாணாக்கர் சேர்ச் 1927இல் எழுதிய ஆய்வேடு கணக்கோட்பாட்டின் அடிகோள் ஒன்றனுக்கு மாற்று உண்டா என வினவியது. ஓர் அறிவுத்துறை எவ்வடிகோள்கள் மேல் நிற்கின்றது, அவற்றுள் எதனை நீக்கலாம் என்னும் ஒரே நாட்டம் மூன்று தலைமுறையிலும் தொடர்கின்றது. பரம்பரை என்னும் பெயர் இவ்விடத்துக்குப் பொருந்தும். சேர்ச்சிடம் பயின்ற கிளீனி, ரொசர், றபின், ஸ்கொட் ஆகியோர் கணிப்புக் கொள்கையை வளர்த்ததைக் காணும்போது அப்பொருத்தம் மேலும் உறுதிப்படுகின்றது. அவருள் றபின், ஸ்கொட் இருவரும் 1976ஆம் ஆண்டின் டூரிங் பரிசைச் சேர்ந்து பெற்றனர்.

ஆயின் அப்பரிசுக்குப் பெயர் தந்த டூரிங்கிடமே பதிவேடு தடுமாறுகின்றது. அவருக்கு அழியாப் புகழ் தந்த கட்டுரை, கணித்தற்குரிய எண்களைப் பற்றியது, 1936ஆம் ஆண்டு மே மாதத்தில் கேம்பிரிட்ஜில் எழுதி முடிக்கப்பட்டது. அவர் பிரின்ஸ்டனுக்குச் சென்றதோ அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில். அக்கட்டுரைக்கு வித்திட்டவர் 1935இற் கணிதத்தின் அடிப்படைகள் பற்றிக் கேம்பிரிட்ஜில் விரிவுரையாற்றிய மக்ஸ் நியூமன். ஒரு கூற்று நிறுவத்தக்கதா என்பதை இயந்திரம்போன்ற வரையறுத்த முறையொன்றால் தீர்மானித்தல் இயலுமா என்னும் ஹில்பேர்ட்டின் வினாவை டூரிங் அங்கேதான் எதிர்கொண்டார். சேர்ச் அதே வினாவுக்கு வேறு வழியாற் சற்று முன்னரே விடைகண்டிருந்தமையால், இளைஞரை அவரிடம் அனுப்புமாறு ஏற்பாடு செய்தவரும் நியூமனே. எனவே முதல் வினாவைத் தந்தவர் ஒருவர். பட்டத்துக்கு வழிகாட்டியவர் மற்றொருவர். 1938ஆம் ஆண்டின் ஆய்வேடு சேர்ச்சின் மேற்பார்வைக்குக் கடன்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயின் பட்டத்தின் வழியே மேலேறிச் செல்வோர் நியூமனைக் காணாமலே லைப்னிட்ஸ்வரை போய்விடுவர்.

பட்டமும் காலமும்

பட்டத்தை அளவுகோலாகக் கொள்வதால் வரும் முரண்பாட்டுக்கு மற்றுமோர் எடுத்துக்காட்டு நோர்வே நாட்டிற் கிடைக்கின்றது. கணினிக் கட்டளைகளை மொழிபெயர்த்துத் தொகுக்கும் முறையை 1952இல் ஆக்கிய கிரேஸ் ஹொப்பர் அம்மையார் 1934இல் யேலிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவருக்கு வழிகாட்டியவர் நோர்வேஜியராகிய ஓய்ஸ்ரீன் ஓரே. அதே ஓரேயின் மாணாக்கராகிய மார்ஷல் ஹோலிடம் 1963இற் பட்டம் பெற்றவர், கணினி நிரலாக்கக் கலை பற்றிய பெருநூலின் ஆசிரியர் டொனால்ட் குனூத். இவ்விருவரும் ஒரே வழியினர் என்பதை அறிதல் இனிமையானதே. ஆயின் ஓரேயின் ஆசிரியர் எனப்படும் ஸ்கோலம், பட்டம் தேவையில்லை எனக் கருதி நெடுங்காலம் பட்டம் பெறாதிருந்தவர். மாணாக்கர் ஓரே 1924இற் கலாநிதியாக, ஆசிரியர் ஸ்கோலம் 1926இலேயே கலாநிதியானார். ஸ்கோலத்துக்கு வழிகாட்டியாகக் குறிக்கப்படும் தூவே 1922இலேயே காலமானவர். ஆண்டுகளை மட்டும் நோக்கின் மகன் தந்தைக்கு மூத்தவனாவான். பாட்டனோ தந்தை பிறக்குமுன் மறைந்தவனாவான். ஸ்கோலமும் தூவேயும் பேரறிஞர் என்பதற்கு இதனால் இழுக்கில்லை. பட்டத்தின் காலம் வேறு, அறிவு கைமாறிய காலம் வேறு என்பதே இதனாற் பெறப்படும்.

வழியற்றோர்

இனி, இம்முறையாற் பெரிதும் மறைக்கப்படுவோர் பட்டமில்லாதவரே. கணினியின் ஒவ்வொரு மின்சுற்றிலும் பயன்படும் அட்சரகணிதத்தை வகுத்த ஜோர்ஜ் பூல் (1815–1864) லிங்கன் நகரத்துச் செருப்புத் தைப்பவரின் மகன். பல்கலைக்கழகத்தில் மாணாக்கராக இருந்தறியாதவர். தாமே கற்று, பாடசாலை நடத்தி, 1849ஆம் ஆண்டில் அயர்லாந்தின் கோர்க் நகரக் கல்லூரியிற் பேராசிரியரானார். பட்டத்தை அளவாகக் கொண்டால் அவர் மேற்செல்ல வழியற்றவர். அவரிடமிருந்து குளோட் ஷனன் என்பாருக்குச் சென்ற வழியும் பட்டவழி அன்று. ஷனன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் வகுப்பொன்றில் அளவையியலைக் கற்றார். அக்கல்வியைக் கொண்டு, மின் ஆளிகளின் இணைப்பைப் பூலின் அட்சரகணிதத்தால் ஆராயலாம் என 1937ஆம் ஆண்டின் முதுமாணி ஆய்வேட்டில் நிறுவினார். அவர் கலாநிதிப் பட்டம் பெற்ற 1940ஆம் ஆண்டின் ஆய்வேடோ மரபுரிமையியல் பற்றியது. கலாநிதிப் பட்டத்தின் வழியே அவரைத் தேடுவோர் காண்பது பின்னையதையே. உலகை மாற்றிய முன்னையதை அன்று.

ஏடா லவ்லேஸ் அம்மையார் 1840இலிருந்து டி மோர்கனிடம் கடிதமூலம் கணிதம் கற்று, 1843இற் பாபேஜின் இயந்திரம் பற்றிய குறிப்புகளை வெளியிட்டார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப்பட்டம் வழங்கியதே 1948இலாதலின், அவர் காலத்துப் பெண்களிடம் பட்டத்தைத் தேடுதல் வீண். அண்மைக்காலத்தவராகிய ரொபின் மில்னரும் (1934–2010) கலாநிதிப் பட்டம் பெறாமலே 1991ஆம் ஆண்டின் டூரிங் பரிசைப் பெற்றார். பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் அப்பட்டம் முதல் உலகப்போர்க் காலத்திலேயே புகுந்தமையால், நியூமன்போன்ற மூத்த தலைமுறையினர் அதனைப் பொருட்படுத்தாததும் வியப்பன்று. இவர்கள் விதிவிலக்கு எனக் கூறி அமைதல் இயலாது; அத்துறையின் அடித்தளத்திலேயே இத்தகையோர் உளர்.

பெருமையின் அளவு

புகழ்பெற்ற முன்னோரைக் கண்டு தற்பெருமை கொள்வோர்க்கு எண்கணிதமே விடைகூறும். இப்பதிவேட்டின்படி ஒயிலரின் வழித்தோன்றல்கள் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டோர். முற்காலத்திற் பல்கலைக்கழகங்களும் ஆசிரியரும் சிலராக இருந்தமையாலும், ஒருவருக்கு இருவர் மூவர் வழிகாட்டிகளாகக் குறிக்கப்படுவதாலும், மேலேறும் வழிகள் பல விரைவில் ஒருசில பெயர்களிற் சென்று கூடுகின்றன. பதிவேட்டிலுள்ளோரிற் பெரும்பகுதியினர்க்குப் பொதுவான முன்னோர் ஒருவர், அவருள் ஒருவர்க்கு மட்டும் தனிச்சிறப்புத் தருதல் எங்ஙனம்? ஊரார் அனைவர்க்கும் உரிய கிணற்றைத் தன் முதுசொம் என ஒருவன் சொல்லிக்கொள்வது போன்றதே அது.

எனவே இப்பதிவேடு பட்டங்களின் வரலாறாக மதிக்கத்தக்கது. சிந்தனையின் வரலாறாகக் கொள்ளத்தக்கதன்று. ஒவ்வொரு கோட்டின் அருகிலும் உறவு எத்தகையது, கைமாறிய வினா யாது என்னும் இரண்டையும் குறிப்பின் அதன் பயன் பன்மடங்காகும். அவ்வாறு குறிக்கத் தொடங்கின் சில கோடுகள் அழியும். நியூமனுக்கும் டூரிங்குக்கும், பூலுக்கும் ஷனனுக்கும் இடையிற் புதிய கோடுகள் தோன்றும். கல்லூரி மாணவர்க்கு இதனாற் பெறப்படும் உண்மை எளியது. உயர்ந்த பரம்பரையிற் பட்டம் பெற்றவர் உயர்ந்தவர் என்பதும், அத்தகைய பரம்பரைக்கு வெளியே நிற்பவர்க்குக் கதியில்லை என்பதும் ஆகிய இரண்டும் பொய். தக்க வேளையில் தக்க வினாவைத் தருபவரே ஆசிரியர். அவர் பட்டத்தாளிற் கையொப்பமிட்டவராகவும் இருக்கலாம், ஒரு தவணை விரிவுரையாற்றியவராகவும் இருக்கலாம், நூறாண்டுக்குமுன் ஒரு நூலை எழுதிவைத்துச் சென்றவராகவும் இருக்கலாம்.