ஆவாரை வளர்ப்பு: பாக் நீரிணையின் இரு கரைகளில்

தமிழ்நாட்டின் மானாவாரி வெளிகளிலும் இலங்கையின் உலர் வலயத்திலும், அதாவது ஆண்டில் சில மாதங்கள் மழை குறைந்து வறண்டிருக்கும் நிலப்பரப்பிலும், தானே முளைத்துப் பல்லாண்டு நிலைக்கும் புதர்ச்செடி ஆவாரை. இரு நாடுகளிலும் அது பெரிதும் பறிக்கப்படுகிறதே தவிர, தோட்டத்தில் நட்டு வளர்ப்பது அரிதாகவே உள்ளது.

கொங்கு நாட்டில் மார்கழி முடியும் நாளில் ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி, வீட்டு இறவாணத்திலும் மாட்டுத் தொழுவத்திலும் வயலிலும் செருகுவர். இதுவே காப்புக் கட்டுதல் எனப்படுகிறது. சென்னை மாகாணத்தின் தோல் பதனிடும் தொழில், துவர்ப்புப் பொருள் மிகுந்த இதன் பட்டையையே நெடுங்காலம் நம்பியிருந்தது. இலங்கையிலோ, சிங்களத்தில் ‘ரணவரா’ எனப்படும் இச்செடியின் உலர்ந்த பூவும் இலையும் கொதிக்க வைக்கப்பட்டு, தேநீருக்கு ஈடான அன்றாடப் பானமாகப் பருகப்படுகின்றன. அம்பாந்தோட்டைப் பகுதியின் முட்புதர்க் காடுகளில் இது மிகுதி.

மகரந்தச் சேர்க்கையாளருக்கான தோட்டத்தில் ஆவாரைக்குத் தனியிடம் உண்டு. அதன் பூவில் தேன் இல்லை. வரும் பூச்சிக்குக் கிடைக்கும் உணவு மகரந்தம் மட்டுமே. அந்த மகரந்தமும் மகரந்தப்பையின் நுனித்துளை வழியாகவே வெளிப்படுவதால், கருவண்டு என்று மக்கள் சொல்லும் தச்சுத்தேனீ பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து அதை உதிர்க்கிறது. நீலப்பட்டைத் தேனீக்கும் இத்திறன் உண்டு. கூட்டுத் தேனீக்கு இல்லை.

வளர்ப்பு முறை இரு கரைகளுக்கும் பெரும்பாலும் பொதுவானது. விதையுறை கடினமானதாகையால், வெந்நீர் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்து, ஐப்பசி மழைக்குச் சற்று முன்னர், நிழல் விழாத இடத்தில் நேரடியாக ஊன்றவேண்டும். ஆழ ஓடும் ஆணிவேர், இடம் மாற்றி நடுவதை எளிதில் தாங்காது. வேர் பிடித்தபின் பாசனம் தேவையில்லை. நீர் தேங்குவதே கேடு. வேறுபாடு நிலத்தடி நீரின் நிலையில் உள்ளது. கோவையின் மேட்டுநிலத்தில் ஆவாரை நீர்ச்செலவைக் குறைக்கும் செடி. ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ, சுண்ணாம்புப் பாறையில் சேரும் மழைநீரைக் கிணற்றிலிருந்து அளவு மீறி இறைத்தால் உவர் ஏறுமாதலால், இறைப்பே வேண்டாத செடி கிணற்றைக் காப்பதற்கும் துணையாகிறது.

கொன்னை வெள்ளையன் இனப் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் இதன் இலையைத் தின்றே வளர்வதால், இலை அரிக்கப்பட்டதைக் கண்டு மருந்து தெளிப்பது தோட்டத்தின் நோக்கத்தையே கெடுக்கும். காப்புக்கும் பானத்துக்கும் பறிப்போர் ஒவ்வொரு புதரிலும் பூவில் ஒரு பங்கை விட்டுவைப்பதும், வேலியோரத்தில் சில விதைகளை ஊன்றுவதும் இரு நாட்டாரும் இன்றே மேற்கொள்ளத்தக்க கடமைகள்.